இரண்டாவது காற்றுப் பரிசோதனை

காகிதமும் பேனாவும் கொடுத்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நன்றி. அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள் என்றீர்கள். என்னிடம் இப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. ‘சீக்கிரம் முடிங்க சார்’ என்பதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான். ஆசைப்பட்டு வாங்கிய பதவியல்ல. மற்றவர்கள் நழுவிக்கொண்டதால் என் தலையில் விழுந்தது. அதற்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு மதிப்பீட்டாளராக இருந்தேன். எரிந்த கிடங்கு, இடிந்த சுவர், தண்ணீர் புகுந்த கடை என்று எல்லாம் முடிந்த பிறகு போய்ப் பார்க்கிற வேலை. போகிற இடமெல்லாம் ஒரே பேச்சுதான். ‘அப்பவே ஒருத்தர் சொன்னார் சார், நாங்கதான் கேக்கல.’ அந்த ஒருத்தரை நான் எங்கேயும் நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒருத்தர் நானே ஆகிவிட்டேன்.

படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறது என்பேன். லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்பேன். தண்ணீர்த் தொட்டி மூடியில் விரிசல் என்பேன். நான் கூட்டத்தில் எழுந்து நின்றாலே பின்வரிசையிலிருந்து ஒருவர் வாயால் சைரன் ஊதுவார். அதுவே எனக்குப் பெயராகவும் ஆனது. ‘சைரன் மாமா’ என்று பிள்ளைகள் என் முகத்துக்கு நேராகவே கூப்பிடும். கைப்பிடி இன்றுவரை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கீழ்த்தளத்தில் பொது அறை இருக்கிறது. அதில்தான் குழந்தைகள் காப்பகம் நடந்தது. நடத்துகிற பெண்ணை எல்லோரும் டீச்சர் என்போம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போவார்கள். என் பேத்தியும் அங்கேதான் இருந்தாள். டீச்சரின் சொந்தக் குழந்தை, இன்னும் நடை பழகாதது, ஒரு மூலையில் வலை போட்ட மடக்குத் தொட்டிலில் கிடக்கும். மின்விசிறிக் காற்று அங்கேதான் நன்றாக வரும்.

ஒரு மழைநாளில் மேல்மாடிக் குழாய் ஒழுகியது. குழாய்க்காரர் வந்து அந்த அறையின் உள்கூரைப் பலகையைத் தட்டிப் பார்த்தார். ‘சார், இது ஆஸ்பெஸ்டாஸ். இதை உடைக்கச் சொல்லாதீங்க. வெளிப்பக்கமா வேலையை முடிச்சிக் குடுத்துடறேன்’ என்றார். அன்று சாயங்காலமே அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடத்தில் கல்நார் என்று படித்திருக்கிறோமே, அதுதான். தீப்பிடிக்காது, சூட்டைத் தடுக்கும், சத்தத்தை விழுங்கும், மக்காது, விலையும் மலிவு. ஒரு காலத்தில் கட்டடக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை. கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், கொதிகலனின் உறை, தரை ஓடு என்று எங்கு பார்த்தாலும் போட்டார்கள். அதன் நார் உடைந்து காற்றில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தைத்துக்கொள்ளும். கரையாது. இருபது, முப்பது வருடம் கழித்து மூச்சு வாங்கும், நுரையீரல் தழும்பேறும், அல்லது அதைச் சுற்றிய சவ்வில் புற்றுநோய் வரும். என்னைப் போன்றவனுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அது முற்றுவதற்குள் வேறு எதிலாவது போய்விடுவேன். குழந்தைகளுக்குத்தான் அது முற்றுவதற்கு வேண்டிய ஆயுள் கையில் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் இதே வார்த்தைகளில் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தலைவர் கொட்டாவி விட்டார்.

தலைவர் ஜவுளிக்கடைக்காரர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதையும் பூசி மெழுகிவிடுவார். ‘சார், நாப்பது வருஷமா அது நம்ம தலைக்கு மேலதான் இருக்கு. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணல. நீங்கதான் எங்களை ஒரு வழி பண்ணிக்கிட்டிருக்கீங்க’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்டேன், அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டேன். கரடியாகக் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் என் வாயை அடைப்பதற்காகவே ஒரு காற்றுப் பரிசோதனைக்குச் சம்மதித்தார்கள்.

பரிசோதனைக்காரர் மூன்று கால் கம்பத்தில் ஒரு சின்னப் பம்பை நிறுத்தி, அன்று முழுவதும் அறைக் காற்றை இழுத்துப் பார்த்தார். சில நாட்களில் முடிவு வந்தது. காற்று சுத்தம்.

‘பலகை முழுசா இருக்கு சார். துளை போடாதீங்க, தேய்க்காதீங்க, உடைக்காதீங்க. ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சு விட்டுடுங்க. தொந்தரவு பண்ணாத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும்’ என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

தலைவர் அந்த முடிவைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார். பரிசோதனைக்காரரின் அறிவுரையையும் சொன்னார். ‘தொந்தரவு பண்ணாத வரைக்கும்’ என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை சொன்னார். அறையே அதிர்ந்தது. டீச்சரும் சிரித்தார். அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும். அவர் சிரித்ததை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள். ‘நல்ல சேதிதானே? குழந்தைங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷப்பட்டுட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கீங்க?’

சந்தோஷப்பட முயன்றேன். உண்மையாகவே முயன்றேன். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பெயிண்ட்டாவது அடிப்பார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. ‘காத்தே சுத்தம்னு வந்துடுச்சு, பெயிண்ட் எதுக்கு இப்போ?’ என்று தலைவர் தள்ளிப் போட்டார். சரியான அறிவுரையில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறவர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது, சொல்லுங்கள்.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பரிசோதனை சொன்னது அன்றைய ஒரு நாளின் கதையை மட்டும்தான். என்றைக்காவது யாராவது அந்தப் பலகையில் ஆணி அடிப்பார்கள். பிள்ளைகள் எறிகிற பந்து படும். அப்போது தூசி கொட்டும். அன்றைக்கு அங்கே பம்பும் இருக்காது, பரிசோதனைக்காரரும் இருக்க மாட்டார். எப்படியும் ஒருநாள் நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, கருவி இருக்கும்போதே நடத்திக் காட்டினால் எல்லோருக்கும் நல்லதுதானே? தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

குழாய் ஒழுகியதில் பலகை நனைந்திருக்கிறது, இன்னொரு பரிசோதனை வேண்டும், செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். ‘உங்க கைக்காசு, உங்க ஆசை’ என்றார் தலைவர்.

அன்றைக்கே மகளிடம் பேத்தியைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். ‘ஏம்ப்பா, நல்லாத்தானே இருக்கா?’ என்றாள். ‘சளி கட்டியிருக்கு. கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்’ என்றேன். மகளுக்கு ஒரே பூரிப்பு. அப்பா இப்போதுதான் தாத்தா ஆகியிருக்கிறார் என்று அவள் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்த நாட்கள் நன்றாகவே போயின. பேத்தியும் நானும் அட்டைப்பெட்டியில் வீடு கட்டினோம். அதற்குக் கூரை போடும்போது அவள் வாய் ஓயாமல் கேள்வி கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

செயலாளர் என்பதால் அறையின் சாவி என்னிடம் இருந்தது. காப்பகம் திறப்பதற்கு முன் ஏணியை எடுத்துப் போய், விசிறிக்குப் பக்கத்துப் பலகையை உப்புத்தாளால் தேய்த்தேன். முதல் நாள் கொஞ்சம்தான். மாவு சலித்த மாதிரி மெலிதாகக் கொட்டியது. விசிறியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே நாளோடு முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். பரிசோதனைக்காரர் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. மச்சினன் கல்யாணம் என்றார். பிறகு பம்ப் பழுது என்றார். இந்த உலகத்தில் சொன்ன நேரத்துக்கு யார் வருகிறார்கள்? டீச்சரோ ரொம்பச் சுத்தம் பார்க்கிறவர். வந்தவுடன் துடைப்பத்தை எடுத்து மூலை முடுக்கெல்லாம் பெருக்குவார். பெருக்கினால் பாதி வெளியே போய்விடும், பாதி மேலே கிளம்பும். மறுநாள் நான் மறுபடி தேய்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தால் காற்றில் நாரின் அளவு அனுமதித்த எல்லையைத் தாண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. இத்தனை பாடுபட்டு மறுபடியும் காற்று சுத்தம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் என்னை அரித்தது. அதனால் வாரக்கணக்கில் தினமும் தேய்த்தேன். தோள்பட்டை வலி இன்னும் இருக்கிறது.

பிள்ளைகள் அந்த வாரங்களில் அந்த அறையில்தான் ஓடினார்கள், தரையில்தான் உருண்டார்கள், மதியம் அங்கேயே பாய் விரித்துத் தூங்கினார்கள். எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் உங்களிடம் எங்கேயும் சொல்லவில்லை. தேய்த்த கையோடு பரிசோதனை நடந்து பலகையைக் கழற்றிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். தாமதம் என்னுடையதல்ல.

ஒருவழியாகப் பரிசோதனைக்காரர் வந்தார். பம்பை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். தொட்டிலுக்குப் பக்கத்தில், குழந்தை மூச்சு விடுகிற உயரத்தில் வையுங்கள் என்றேன். ‘நல்ல யோசனை சார், நிறைய பேருக்கு இது தோணாது’ என்றார். முடிவு எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அறைக்குச் சீல் வைத்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை போட்ட ஆட்கள் வந்து பலகைகளை நனைத்து நனைத்துக் கழற்றினார்கள். காப்பகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். தலைவர் வீடு தேடி வந்து, ‘நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் சார்’ என்றார். பின்வரிசைக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். ‘நீங்க மட்டும் விடாம சொல்லலைன்னா என் பிள்ளைங்க கதி என்ன சார்?’ என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

பலகை கழற்றியவர்களில் ஒருவர், விசிறிக்குப் பக்கத்தில் புதிதாக யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் வழக்கம்போல அதையும் பூசி மெழுகிவிட்டார். என் மகள்தான் கேட்டாள்.

‘அப்பா, அப்போ குட்டியை ஏன் அனுப்ப வேண்டாம்னீங்க?’

‘சளின்னு சொன்னேனே.’

‘அவளுக்குச் சளியே இல்லப்பா.’

மறுநாள் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பெற்ற பெண். அவள் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான் பார்த்துக்கொண்டதையே எனக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

டாக்டர்கள் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தார்களாம். இப்போது எதுவும் தெரியவில்லை என்றார்களாம். இப்போது தெரியாது என்பதைத்தானே நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஏணி விஷயம். டீச்சர் உங்களிடம் சொன்னது உண்மைதான். பரிசோதனை நாளன்று அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். நான் மேலே இருந்தேன். ‘என்ன சார் இவ்ளோ காலைல?’ என்றார். விசிறித் தகட்டில் துரு, தேய்க்கிறேன் என்றேன். ‘நீங்க எதுக்கு சார் இதெல்லாம்? ஏணி ஆடுது, இருங்க’ என்று ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மறு கையில், இடுப்பில், குழந்தை. நான் இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் அத்தனை வார உழைப்பும் அன்றைக்கு வீணாகப் போயிருக்கும். அதனால் தேய்த்து முடித்தேன். கொட்டுகிற தூசி ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. குழந்தை வாயைத் திறந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தது, கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தது. ‘நீங்க ஏன் சார் முகமூடி போட்டிருக்கீங்க?’ என்று டீச்சர் கேட்டார். தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன்.

அவர்களுக்கும் ஒன்று கொடுத்திருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் நேற்றுக் கேட்டார். கொடுத்திருப்பேன். என்னிடம் ஒன்றுதான் இருந்தது.