அரை டம்ளர்

உப்பில்லாமல் ருசியாகக் குழம்பு வைப்பது லேசான காரியமில்லை, சார். என் தம்பி மகாராஜனுக்காகக் கற்றுக்கொண்டேன். டயாலிசிஸ் செய்த காலத்தில் தண்ணீரையும் நான்தான் அளந்து கொடுப்பேன். ஒரு வாய் கூடினாலும் அவனுக்கு மூச்சு முட்டும்.

பிறகு என் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். எடுத்து வைப்பதற்குள் அது கொஞ்ச நேரம் ரத்தமில்லாமல் கிடந்ததாம். பெரிய குழாயில் ரத்தம் உடனே பாய்ந்துவிடும், மயிரிழைக் குழாய்கள் திறக்கத்தான் நாளாகும் என்றார் டாக்டர். இன்னொரு முறை ரத்த ஓட்டம் குறைந்தால் அவை திறக்காமலே போகலாம், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். தம்பிக்குப் பழைய பயம் விடவில்லை. ஒவ்வொரு தடவையும், "எக்கா, குடிக்கலாமா?" என்று என்னைக் கேட்டுத்தான் குடிப்பான்.

சிவகிரியில் எனக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தது. சிறுநீரகம் கொடுத்ததை நானே சொல்லியிருந்தேன், சம்மதித்தார்கள். திடீரென்று வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்துக் காரணம் கேட்டேன்.

"ஒந் தம்பிதாம்மா வந்து சொன்னாரு, மிச்சமிருக்க கிட்னியும் ஒனக்குப் பழுதுன்னு."

பொய். நான் போய்விட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதற்காகச் சொன்ன பொய். என் உடம்பை அறுத்துக் கொடுத்தும் அவனுக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல் அவனுக்குச் சோறு போட்டேன்.

அந்த வாரமே அவனுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. நாக்கு வறண்டு கிடந்தான்.

"எக்கா, தண்ணி தாயேன்."

"டாக்டருக்குப் போன் போட்டேன். அளவாத்தான் குடுக்கச் சொல்லுதாவ."

நான் போன் போடவே இல்லை. அரை டம்ளர் கொடுத்தேன். நம்பிக் குடித்தான். மறுநாள் சிறுநீர் நின்ற பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். இறங்கிக் கிடந்த ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரகம் மட்டும் மறுபடி வேலை செய்யவில்லை. திரும்ப டயாலிசிஸ் செய்தும் சில நாளில் இறந்துபோனான். தம்பிக்காக வாழ்ந்தவள் என்று தெருவே என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை, இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

ஆட்டோ வருவதற்கு முன் நடந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் என் கையைப் பிடித்தான்.

"எக்கா, ஒன் கல்யாணத்தக் கெடுத்தது நான்தான். மன்னிச்சிரு. ஒரு வாய் தண்ணி தா."

அவனை மனதார மன்னித்தேன், சார். தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை.