சிவப்பா ஒரு மரம்

— இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தூக்குடா. உங்க சாரு தலையைச் சாய்ச்சுக்கிட்டு யாரையோ வேவு பார்க்கிற மாதிரி இருக்கு.

— அம்மா, படம் நேராத்தான் இருக்கு. மூக்குதான் கோணல். சாரோட மூக்கே அப்படி. நான் போர்டு எழுதுறவன், நூல் பிடிச்சுத்தான் ஆணி அடிச்சிருக்கேன்.

— நாப்பது வருஷம் அந்த மூக்கோட குடித்தனம் பண்ணினவ நான். தையல்காரி வேற. எனக்கே அளவு சொல்றியா? சரி, இறங்கு. ஏணி ஆடுது. நாலு மணிக்கு ஒரு இரங்கல் கூட்டம் போதும், ரெண்டாவதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.

— நான் வரைஞ்சதுல சட்டை எப்படிம்மா வந்திருக்கு?

— வெள்ளைச் சட்டையில எப்படி வர என்னடா இருக்கு?

— சத்தியமா சொல்றேன், வெள்ளைதான் கஷ்டம். ஊருக்கே கலர் சொல்லிக்கொடுத்த மனுஷன், வீட்டுலயே தையல் மிஷின் ஓடுது, ஒருநாளாவது ஒரு கலர் சட்டை போட்டிருக்காரா?

— நான் தைக்க மாட்டேன்னா சொன்னேன்? வெள்ளைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிப்பாரு. எதோட போட்டாலும் தப்பாகாதுன்னு ஒரு சாக்கு. அந்த மனுஷனுக்குச் சட்டையா முக்கியம்? ஞாயித்துக்கிழமைகூட ஸ்கூலுக்கு வந்து இந்த டிராயிங் ரூமைத் திறந்து வெச்சுக்கிட்டு உங்க பிரஷைக் கழுவிக்கிட்டு இருப்பாரு. பச்சைப்பிள்ளைக்குத் தலை துவட்டுற மாதிரி ஒவ்வொண்ணா துவட்டுவாரு. என் தங்கச்சி கல்யாணத்துக்கே காதுல பெயிண்டோட வந்து நின்னவருடா!

— காதுல மட்டுமா? சாப்பாட்டு டப்பாவுலயும் இருக்கும்.

— பேச்சை மாத்தாதே. மேடையில என்ன பேசப்போறே? மூணு நாளா எதையோ முழுங்கிட்டு அலையறே.

— ஒரு தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம்னு இருக்கேம்மா. முதல்ல உங்ககிட்ட சொல்லிடறேன். நீங்க கோபப்பட்டா மேடையில வாயைத் திறக்க மாட்டேன்.

— கையில கத்தரிக்கோல் இல்ல. தைரியமா சொல்லு.

— ஏழாங்கிளாஸ்ல நடந்தது. இதே ரூம். அந்த அலமாரியில கலர் புட்டிங்க வரிசையா நிக்கும். மத்த விஷயத்துல சாரு பசு. தண்ணியைக் கொட்டிட்டா ‘நல்லா வந்திருக்கு ஏரி’ம்பாரு. நாய் வரைஞ்சு மாடு மாதிரி வந்தா, ‘மாட்டுக்கு வால் பிரமாதம்’பாரு. ஒரு புட்டி இடம் மாறினா மட்டும் புலி.

— வீட்டுலயும் அந்தக் கூத்துதான். மேலே சொல்லு.

— அன்னிக்கு ஸ்கூலைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வந்தாரு. சும்மா இருக்க முடியாம, நான் பச்சைப் புட்டியையும் சிவப்புப் புட்டியையும் இடம் மாத்தி வெச்சுட்டேன். சாரு அதிகாரிகிட்ட பேசிக்கிட்டே பெரிய தாள்ல ஒரு மரம் போட்டாரு பாருங்க, இலை மொத்தமும் ரத்தச் சிவப்பு! நாப்பது பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குது.

— அவரு நிறுத்தலையா?

— எங்க நிறுத்தினாரு? பச்சை அடிக்கிற அதே நிம்மதியோட அடிச்சுக்கிட்டே போறாரு. அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, ‘என்ன சார் இது?’ன்னாரு. மாட்டிக்குவோம்கிற பயத்துல எழுந்து நின்னு, ‘அய்யா, அது மாலை வெயில்ல மரம். சாரு இன்னிக்கு அந்தப் பாடம்தான் நடத்துறாரு’ன்னு ஒரே போடா போட்டுட்டேன்.

— ம்.

— அதிகாரி அசந்துட்டாரு. ‘அடடா, என்ன கற்பனை!’ன்னு சாருக்குக் கை குடுத்துட்டுப் போனாரு. ஏம்மா, சிரிக்கலையா? இந்த இடத்துல கூட்டமே சிரிக்கும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

— நீ முடி.

— மறுநாள்லேர்ந்து எனக்கு ‘வெயிலு’ன்னு பேரு. கடைசி பெஞ்சுல இருந்தவனை முதல் பெஞ்சுக்கு இழுத்துட்டாரு. அங்கதான் சனி பிடிச்சுது. தினமும் யாரோட தாளையாவது தூக்கிப் பிடிச்சு, ‘வெயிலு, இது என்ன கலரு?’ பால் குடிக்கிற குழந்தைகிட்ட கேட்கிற மாதிரி! பசங்க எனக்கு ‘மக்கு வெயிலு’ன்னே பேரு வெச்சுட்டாங்க. புட்டியை மாத்தினது நான்தான்னு தெரிஞ்சு பழி வாங்குறாருன்னு நினைச்சேன்.

— அவரா, பழியா? கொசுவைக்கூடச் சொல்லிட்டு அடிக்கிற மனுஷன்டா.

— ஸ்கூலோட விட்டாரா? முப்பது வருஷமா போர்டு எழுதறேன், தலை நரைச்சுப் போச்சு. மருந்துக்கடை போர்டு முன்னால நின்னுக்கிட்டு, ‘எழுத்து அருமைடா வெயிலு. என்ன கலரு அடிச்சிருக்கே?’ன்னு கேட்பாரு. கண்ணெதிர்ல இருக்கும்மா போர்டு! ஆஸ்பத்திரியில கடைசியா பார்த்தப்பவும் போர்வையைத் தொட்டு, ‘இது என்ன கலரு?’ பச்சை சார்னேன். நிம்மதியா சிரிச்சுக்கிட்டே கண்ணை மூடிக்கிட்டாரு. கடைசி வரைக்கும் நான் அவருக்கு மக்குதானா? அதுதாம்மா உறுத்துது.

— இதை மேடையில சொல்லாதே.

— கோபமாம்மா?

— கோபம் இல்லடா. இந்தக் கதையில பாதிதான் உனக்குத் தெரியும். உங்க சாரைத் தக்காளி வாங்க அனுப்பினா என்ன பண்ணுவாரு தெரியுமா?

— இப்ப எதுக்கும்மா தக்காளி?

— கேட்டுக்கோ. பாதி பழம், பாதி காய்னு அள்ளிட்டு வருவாரு. நான் கத்துறதுக்குப் பயந்து, அப்புறம் கடைக்காரம்மாவையே பொறுக்கிப் போடச் சொல்லிடுவாரு.

— கண்ணாடி மாத்தியிருக்கலாமே?

— அதுக்குக் கண்ணாடி கிடையாதுடா. அந்த மரம் போட்ட அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம என்கிட்ட சொன்னாரு. ‘இன்னிக்கு என் வேலை போயிருக்கும். ஒரு பையன் கண்டுபிடிச்சுட்டான். கண்டுபிடிச்சும் காட்டிக்கொடுக்காம, எழுந்து நின்னு காப்பாத்திட்டான். இனிமே அவன் இருக்கான், எனக்குப் பயமில்லை’ன்னாரு. சொல்லிட்டு அழுதாருடா.

— நானா? நான் எதைம்மா கண்டுபிடிச்சேன்? அப்ப தினமும் என்னை நிக்க வெச்சுச் சோதிச்சதெல்லாம்?

— சோதிக்கலடா வெயிலு. அவரு கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். தெரியாமத்தான் உன்னைக் கேட்டாரு.