நசியாத தேசிக்காய்

— இன்னொருக்காத் திருகிப் பாருங்கோ.

— அஞ்சாறுதரம் திருகிப்போட்டன் அஜந்தா. சத்தமே இல்லை. அங்கை பாரும், ஸ்னோ எவ்வளவு ஆறுதலா விழுகுது.

— ஸ்னோவை விடுங்கோ. அங்கை பொண்டியிலை இந்திராதேவி அக்கா தன்ரை வீட்டிலை ஒரு அறையைக் கூட்டித் துடைச்சுப்போட்டு எனக்காண்டிப் பாத்துக்கொண்டிருக்கிறா. பின்னுக்குத் தையல் மெசின், ரெண்டு சூட்கேஸ். இதுகளைத் தூக்கிக்கொண்டு மெற்றோவிலையோ போறது?

— இண்டைக்கே போகவேணுமோ?

— அது கதைச்சு முடிஞ்சுது. கதைச்சதெங்கை? நான் சொன்னன், நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தியள். பொறுங்கோ, மரியரட்ணம் அண்ணைக்குப் போன் அடிக்கிறன். இந்தக் காரின்ரை வருத்தமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

— ஞாயிற்றுக்கிழமையிலை ஏன் அந்தாளை... கராச்சைப் பூட்டிப்போட்டுப் படுத்திருக்கும், பாவம்.

— அலோ, மரியரட்ணம் அண்ணையோ? அஜந்தா கதைக்கிறன். ஸ்பீக்கரிலை போட்டிருக்கு, இவரும் பக்கத்திலை. இந்திராதேவி அக்கா வீட்டை போகச் சாமான்களை ஏத்தினம், கார் ஸ்டார்ட் எடுக்குதில்லை.

— பொறு பிள்ளை, பொறு பொறு. ரீவியைக் குறைச்சிட்டு வாறன்... ஓம், சொல்லு. எங்கை நிக்கிறியள்?

— மார்க்ஸ் டோர்மோயிலை, எங்கடை வீட்டு வாசலிலைதான்.

— சரி. சஞ்சீவன், திறப்பைத் திருகும், நான் கேக்கிறன். டிக் எண்டு ஒரு சத்தம் வருதோ?

— இல்லை அண்ணை.

— டிக் டிக் டிக் எண்டு கனக்க?

— ஒண்டுமே இல்லை. அமைதி. நல்ல அமைதி.

— அமைதியை ரசிக்கவோ எனக்கு அடிச்சனியள்? முன் லைற்றைப் போடும். மங்கலோ?

— நான் சொல்லுறன் அண்ணை. நல்ல வெளிச்சம். முன்னுக்கு விழுகிற ஸ்னோ முழுக்க மஞ்சளாத் தெரியுது.

— கோனை அடியும். ஆ, எனக்கே காது கிழியுது. அப்ப பற்றரி நல்லம் பிள்ளை. பற்றரி விழுந்திருந்தால் லைற் மங்கும். ஸ்டார்ட்டர்தான் எஞ்சினைத் தட்டி எழுப்பிறவன், அவனுக்குக் கரண்ட் போய்ச் சேரேல்லை. இடையிலை ஆரோ கதவைச் சாத்திப்போட்டினம், விளங்குதோ? சஞ்சீவன், கிளச்சை அமத்தித்தானே திருகிறீர்? இந்தக் கார், கிளச் அடியிலை முட்டாட்டி ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடாது.

— அமத்தித்தான் அண்ணை.

— அடிவரைக்கும்?

— ஓம் ஓம்.

— அப்ப வேறை ஏதோ. பொறுங்கோ, மனிசி கூப்பிடுறா. வாறன், கட் பண்ணிப்போடாதேங்கோ.

— அஜந்தா, கண்ணாடியெல்லாம் மூடிப்போச்சு, பாத்தீரோ? கடை வெளிச்சமெல்லாம் கரைஞ்சு ஓடுது. தண்ணிக்குள்ளை இருக்கிற மாதிரி.

— உங்களுக்கு இண்டைக்கு என்ன, இவ்வளவு கதை?

— காருக்குள்ளை இருந்தால் எனக்கு வாய் வரும். உமக்குத் தெரியும்தானே.

— தெரியும். வாங்கின புதுசிலை எங்கையெண்டில்லாமல் ஓடித் திரிஞ்சம். நீங்கள் கதைச்சுக்கொண்டே வருவியள், நான் நித்திரையாப் போவன், எழும்பினாலும் கதை முடிஞ்சிராது. பிறகு எயார்போட்டிலை இரவு வேலை வந்தது. விடிய நீங்கள் வர நான் கடைக்கு வெளிக்கிடுவன். மேசையிலை கழுவாத கோப்பையைப் பாத்துத்தான் நீங்கள் வந்து போனதெண்டு அறியிறது.

— கழுவி வைச்சிருக்கலாம் நான்.

— கோப்பையோ பிரச்சினை! ஒரு வசனம். கண்டால் ஒரு வசனம் கதைச்சிருக்கலாம்.

— என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. எல்லாம் நித்திரைக்குள்ளை நடக்கிற மாதிரித்தான் இருந்தது.

— எனக்கு அந்த வீட்டிலை தனிய இருக்கப் பயமாப் போச்சு. நீங்கள் உள்ளை இருக்கேக்கையும் தனியத்தான். ...ஓய், முன்னுக்கு இருந்த தேசிக்காய் எங்கை?

— எது?

— எதுவோ? பிள்ளையார் கோயிலடியிலை காருக்குப் பூசை செய்யேக்கை நாலு ரயருக்குக் கீழையும் வைச்சம். மூண்டு நசிஞ்சுது, ஒண்டு தப்பி உருண்டது. நான் றோட்டுக்குக் குறுக்கை ஓடிப்போய்ப் பிடிச்சனான்.

— பஸ்காரன் பிறேக் அடிச்சுப்போட்டுச் சிரிச்சவன்.

— நசியாதது கூடாது, எறி பிள்ளை எண்டு ஐயர் சொன்னவர். நான்தான் கண்ணாடிக்குக் கீழை கொண்டந்து வைச்சன். காஞ்சு கல்லாப் போச்சு. நேற்றும் இருந்ததே.

— எங்கையும் உருண்டிருக்கும்.

— அலோ, வந்திட்டன். ஸ்டார்ட்டர் உள்ளுக்கை இறுகினாலும் இப்பிடித்தான் கிடக்கும். சஞ்சீவன், வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கும். பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குக் கீழ்ப் பக்கமாப் போத்தல் மாதிரி ஒரு சாமான் தெரியும், அதிலை மெல்லத் தட்டும். பிள்ளை உம்மடை சீற்றிலை இருந்து திருகட்டும்.

— அவ ஏன் அண்ணை? தட்டிப்போட்டு நானே வந்து திருகிறன்.

— ஐசே, தட்டேக்கைதான் திருகவேணும். உமக்கென்ன நாலு கையோ?

— இல்லை, அவவின்ரை சப்பாத்து... கிளச் வேறை இறுக்கம்...

— எனக்கும் லைசென்ஸ் இருக்கு. இறங்குங்கோ.

— அஜந்தா...

— இறங்குங்கோ எண்டிறன்.

— பிள்ளை, இருந்திட்டியோ? அவர் தட்டுற சத்தம் எனக்கே கேக்குது. கிளச்சை அடிவரைக்கும் அமத்திப்போட்டுத் திருகு.

— அமத்திறன் அண்ணை. இது பாதியிலை...

— என்ன? விட்டு விட்டுக் கேக்குது.

— ஒண்டுமில்லை அண்ணை, லைனிலை நில்லுங்கோ. ...இஞ்சேருங்கோ! தட்டினது காணும். உள்ளை வந்து கதவைச் சாத்துங்கோ. மெல்லமாக் கதையுங்கோ, போனைப் பொத்திப் பிடிச்சிருக்கிறன். என்ன இது?

— தேசிக்காய்.

— கிளச்சுக்குக் கீழை என்ன செய்யுது?

— உருண்டு போயிருக்கும்.

— உங்கடை கைக்குட்டையையும் சுத்திக்கொண்டோ உருண்டது?

— சும்மா வைக்க நழுவினது.

— போகவேண்டாமெண்டு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!

— சொல்லத்தான் விடிய எழும்பினனான். வரேல்லை. நீர் சூட்கேஸை இழுக்கிற சத்தம் கேட்டது. காருக்குள்ளை கொஞ்சநேரம் இருந்தால் வாய் வருமெண்டு நினைச்சன்.

— வந்ததோ?

— போகாதையும் அஜந்தா.

— அலோ! பிள்ளை! என்ன நடக்குது அங்கை? பொறு பொறு, ஏன் கஷ்டப்படுறியள்? நான் பொண்டியிலைதானே இருக்கிறன். வானைக் கொண்டந்து உன்னையும் சாமான்களையும் ஏத்தி இந்திராதேவி வீட்டை விட்டுவிடுறன். வெளிக்கிடட்டோ?

— வேண்டாம் அண்ணை. கிளச் நல்லா அமருது, வேறை என்னவோதான். ஸ்னோவுக்குள்ளை அலையாதேங்கோ. ஆறுதலா அடுத்த ஞாயிறு வந்து பாருங்கோ.

— அடுத்த ஞாயிறோ? அதுவரைக்கும் கார்?

— இதிலையே நிக்கட்டும். வைக்கிறன் அண்ணை.

— அஜந்தா, அப்ப நீர்...

— இந்தாங்கோ. கைக்குட்டையை வடிவாச் சுத்தி, கிளச்சுக்குக் கீழை இருந்த இடத்திலையே திரும்ப வையுங்கோ.