ஒன்பதை எட்டு என்று சொன்னது

பெயர்: சிவபாலன் ராசமலர். வயது: ஐம்பத்தேழு. பிறந்த இடம்: யாழ்ப்பாணம், வேலணை. படிப்பு: எட்டாம் வகுப்பு. தொழில்: வீடு துப்புரவு செய்தல். வசிப்பிடம்: ரண்டர்ஸ். மொழிபெயர்ப்பாளர்: யேசுரட்ணம். 2025 செப்டெம்பர் 2, செவ்வாய்க்கிழமை காலை 10.20க்கு, எவரும் அழைக்காமல் நானே பொலிஸ் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

நான் முப்பத்தொரு வருடங்களாக டென்மார்க்கில் இருக்கிறேன். என் மேல் எந்த வழக்கும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல்கூட ஏறியதில்லை. பௌல் என்பவர் எண்பத்து மூன்று வயதானவர், முன்பு கப்பலில் எஞ்சினியராக இருந்தவர், தனியே வசிப்பவர். என் மகள் மேனுஜா, வயது இருபத்தொன்பது, நகரசபையான கொம்யூனின் முதியோர் பராமரிப்பு வேலையில் தினமும் அவர் வீட்டுக்குப் போய் வந்தாள். வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவளிடம் இருந்தது. அவள் சொல்லி இரண்டு வருடங்களாக நான் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே துப்புரவு செய்தேன்.

பௌல் இருநூறு வருடத்துக்கும் மேல் பழமையான அமெரிக்கச் செப்புச் சதக் காசுகளைச் சேர்ப்பவர். அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால், நான் நிலம் துடைத்த பின்பு யன்னலோர மேசையில் இருந்து பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்வேன். ஒரே வருடத்துக் காசைப் பல அச்சுகளில் அடித்திருக்கிறார்கள். தோளில் முடிச் சுருள் ஒன்றா இரண்டா, பின்பக்க மாலையில் காம்பு உண்டா, எழுத்து எங்கே முட்டுகிறது என்று நான் சொல்லச் சொல்ல, அது எந்த வகை, என்ன விலை என்று அவர் மனப்பாடமாகச் சொல்வார். காசில் இருப்பது தலைவிரித்த ஒரு பெண். முதல் நாள் நான், "இந்தப் பொம்பிளைக்கு எண்ணெய் வைச்சுத் தலை இழுத்துவிட ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "நீ எண்ணெய் வைச்சுத் தேய்ச்சியெண்டால் அது காசில்லை, வெறும் செம்பு" என்றார். நடந்ததை மட்டும் சொல்லும்படி அதிகாரி கூறியதால் அதைச் சொல்கிறேன்.

மே 20ஆம் திகதி அமெரிக்காவிலிருந்து முப்பத்தொன்பது காசுகள் கொண்ட பெட்டி வந்திருந்தது. அவர் பல வருடங்களாகத் தேடியது 1799ஆம் வருடத்துக் காசு. 1798 நிறைய உண்டு, தேய்ந்ததென்றால் அறுநூறு குரோனர் போகும். 1799 கிடைப்பது அரிது, அதேயளவு தேய்ந்ததென்றாலும் முப்பதாயிரம் போகும். ஆகவே ஒவ்வொரு முறையும், "மலர், வடிவாப் பார், எட்டோ ஒன்பதோ?" என்று கேட்டார். ஏழு தரம் "எட்டு" என்றேன். ஏழும் எட்டுத்தான். அதன் பின்பு ஒரு கருத்த காசு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அதை வெளிச்சத்தில் சரித்துப் பார்க்காமலே "எட்டு" என்றேன். அவர் பூதக்கண்ணாடியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு அந்தக் காசை என் கையில் வைத்து மூடி, "எனக்கு ஆசை விட்டுப் போச்சு. இதை உன்ரை சாமிக்குக் குடு" என்றார். வேறு எவரும் அங்கே இருக்கவில்லை. பிள்ளையாரே, இது உனக்கு என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் சொல்லிவிட்டேன்.

அதன் பின்பு பஸ்ஸில், யன்னல் வெயிலில் காசைச் சரித்துப் பார்த்தேன். கடைசி எண்ணின் கீழ் வட்டம் மூடியிருக்கவில்லை. வால் மட்டும் வளைந்து நின்றது. அது ஒன்பது. திரும்பிப் போயிருக்கலாம். நான் இறங்கவில்லை. சாமிக்கென்று சொன்னதைத் திருப்பி எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 5ஆம் திகதி, பழைய கராஜ் ஒன்றில் இருக்கும் எங்கள் கோயிலில் பிள்ளையாரை இருத்தினார்கள். இருத்துவதற்கு முன், பீடத்தின் நடுக் குழியில் யந்திரத் தகட்டை வைத்து, அதன்மேல் எல்லோரும் பொன், வெள்ளி, காசு போடுவது வழக்கம். மொழிபெயர்க்கும் யேசுரட்ணம் அண்ணை கிறிஸ்தவ வேதக்காரர் என்றாலும் இதைச் சரியாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மற்றவர்கள் அறுந்த சங்கிலித் துண்டும் தோட்டின் திருகுச் சுரையும் போட்டார்கள். மேனுஜாவின் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று கேட்டு நான் அந்தக் காசைப் போட்டேன். எல்லோரிலும் பெரிதாக நான்தான் போட்டேன் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் பின்பு பிள்ளையாரை வைத்து அஷ்டபந்தன மருந்து சாத்தி இறுக்கிவிட்டார்கள்.

ஜூலை 28ஆம் திகதி பௌலுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. அதன் பின்பு அவர் மகன் ஹென்றிக், விற்றவர் அனுப்பியிருந்த படங்களைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்து, 1799 ஒன்று இருந்ததையும், பெட்டியில் இப்போது முப்பத்தெட்டுக் காசுகளே இருப்பதையும் கண்டு பொலிஸில் முறையிட்டார். திறப்பு வைத்திருந்தவள் என்பதால் ஓகஸ்ட் 18ஆம் திகதி மேனுஜாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள். பௌல் கோயிலுக்கென்று ஒரு காசு தந்ததை அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். "அம்மா, எட்டா, ஒன்பதா?" என்று டேனிஷில் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. நான் "எட்டு" என்றேன். அவள் அதை நம்பி, அம்மாவுக்குக் கிடைத்தது சாதாரணக் காசு என்று கொம்யூனிலும் இங்கேயும் சொன்னாள். பெட்டியில் குறைந்த ஒரே காசு அந்த ஒன்பதுதான் என்று பொலிஸார் படத்தைக் காட்டியபோது அவளும் சேர்ந்து பொய் சொன்னதாக ஆகிவிட்டது. இன்றைக்கு ஆறு நாளாக அவள் என்னோடு கதைப்பதில்லை. தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

ஓகஸ்ட் 30ஆம் திகதி கோயில் தலைவர் நித்தியானந்தனிடம் போய், குழியைத் திறக்கும்படி கேட்டேன். அவர், "அக்கா, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிள்ளையாரை அசைக்கேலாது. ஒரு செப்புக் காசுக்கு அவரைக் கிளப்பச் சொல்லுறியளோ? உங்கடை வாயாலை வந்த வினையை நீங்களே பாருங்கோ" என்றார். அவர் காலில் விழுந்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தந்தது தான்தான் என்று பௌல் தலையையாவது ஆட்டினால் போதும் என்று நினைத்தேன். என் குரல் கேட்டதும் இடது கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அவர் காதில், "பௌல், அது ஒன்பது" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தாதி வந்து என்னை வெளியே அனுப்பும் வரை திரும்பவில்லை.

இதைச் சொல்வதால் வழக்கு என் மேல் வரும் என்பதை அதிகாரி விளக்கினார். தெரியும் என்றேன். மேனுஜாவுக்கு ஒன்றும் தெரியாது. காசு அவளிடம் இல்லை, நான் போட்ட குழியில்தான் கிடக்கிறது என்பதற்குச் சாட்சி அந்தக் காசு மட்டுமே. ஆகவே பொலிஸார் சட்டப்படி பீடத்தைத் திறந்து அதை எடுக்க வேண்டும். குழியில் பலருடைய காசுகள் கிடப்பதால் அடையாளம் சொல்கிறேன்: துளையுள்ள ஐந்து குரோனர்க் காசின் அளவு. கருத்த வெல்லச் சக்கரை நிறம். பெண்ணின் தாடைக்குக் கீழே அரிசியளவு பள்ளம். தோளில் சுருள் இரண்டு. வருடத்தை நேரே பார்த்தால் எட்டுப் போலத் தெரியும். விளக்கை இடப்பக்கம் வைத்து, காசைச் சரித்து, ஆறுதலாகப் பார்க்க வேண்டும். அவசரப்படக் கூடாது.

பிள்ளையாரைக் கிளப்பும் பாவம் திறக்கிறவர்களுக்கும் என் பிள்ளைக்கும் இல்லை, அது எனக்கே என்று எழுதும்படி கேட்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்று அதிகாரி சொன்னார். ஆகவே இங்கே எழுதப்பட்டுள்ளது.

இதை எனக்குத் தமிழில் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்கள். பௌலிடமும் என் மகளிடமும் அந்தக் காசை எட்டு என்று சொன்னது தவிர, இதில் நான் சொன்னதாக உள்ள அனைத்தும் உண்மை என ஏற்று ஒப்பமிடுகிறேன்.

சி. ராசமலர்