வெறுந்தாளுக்கு நூறு

— ஆர் எங்க இருந்தது எண்டெல்லாம் ஏன் எழுதுறீங்கள், மெல்ரோய் அங்கிள்? விஷயத்துக்கு வாங்கோ.

— யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுதாத கடிதத்தை இந்த முப்பத்தொரு வருடத்தில் நான் அனுப்பியதில்லை, மாஸ்டர். வாசிக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள். 'கொட்டாஞ்சேனை, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பகல் பன்னிரண்டே கால். சபை மண்டபத்தின் பின்னறை. சமுகமளித்தோர் மூவர். மேசையின் முன், மின்விசிறிக்குக் கீழே, செயலாளர். அவருக்கு எதிரே பெற்றோர் பிரதிநிதி ராகுலன் மாஸ்டர், வெள்ளவத்தை. கதவோரக் கதிரையில் ஞாயிறு பாடசாலைத் தலைமையாசிரியை டில்ஷானி.'

— பிழை. கதிரையில இருக்கிறது விடைத்தாள் கட்டு. அதுக்கு மேலதான் டீச்சர் இருக்கிறா. உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ.

— எழுதுங்க அங்கிள், எனக்கென்ன வெக்கம்? இருபத்திமூணு பிள்ளைங்கட பேப்பர். அடைகாக்கிறேன்னே எழுதுங்க.

— 'விடைத்தாள் கட்டின் மேல்.' எழுதிவிட்டேன். அடைகாத்தல் தேவையில்லை. முறைப்பாட்டைச் சொல்லுங்கள், மாஸ்டர்.

— ஸ்டெப் ஸ்டெப்பாச் சொல்லுறன். ஒண்டு, ஞாயிறு பாடசாலை வருடாந்தப் பரீட்சை. அஞ்சு கேள்வி, நூறு மார்க்ஸ். ரெண்டு, எழுதின இருபத்திமூண்டு பிள்ளைகளுக்கும் டீச்சர் நூறுக்கு நூறு போட்டிருக்கிறா. மூண்டு, அதில ஒரு பிள்ளை தன்ர பேரை மட்டும் எழுதிப்போட்டு வெறுந்தாளைக் குடுத்திருக்கு. அதுக்கும் நூறு. விளங்கிச்சுதோ?

— விளங்கியது. வெறுந்தாள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

— என்ர மகள் மிதுனா. சாப்பிடேக்க சொன்னவள். மூண்டு கிழமை விடியக்காலமை நாலரைக்கு எழும்பிப் படிச்ச பிள்ளை, அங்கிள்! எபேசியர் ரெண்டாம் அதிகாரத்தைத் தலைகீழாக் கேட்டாலும் சொல்லுவாள். அவளுக்கும் நூறு, வெறுந்தாளுக்கும் நூறு எண்டால் அவள் ஏன் எழும்பினவள்?

— அதத்தான் நானும் கேக்கிறேன். ஏன் எழுப்பினீங்க?

— பாத்தீங்களோ கதைக்கிற கதையை? என்ர டியூஷனுக்கு முந்நூறு பிள்ளைகள் வருகினம். ஒரு ஸ்டெப் விட்டாலும் மார்க்ஸை வெட்டுவன். வெட்டுறபடியால்தான் வருகினம்.

— அது கணக்கு, மாஸ்டர். இது கிருபை.

— கேள்வித்தாள் என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் கேள்வியை வாசிக்கிறேன். 'மனிதன் இரட்சிக்கப்படுவது அவனுடைய நற்கிரியைகளினாலா, தேவனுடைய கிருபையினாலா? விளக்குக. இருபது புள்ளிகள்.'

— அதுலதான் அங்கிள் நான் மாட்டுப்பட்டேன். மொதல் பேப்பர எடுத்தேன். துறைமுகத்துப் பக்கம், முகத்துவாரத்துப் பிள்ள ஒண்ணு. 'நாங்க செஞ்ச ஒண்ணுக்காகவும் இல்ல. ஆண்டவர் சும்மா தந்தாரு. நாங்க நம்பிக் கைய நீட்டினோம்'னு எழுதியிருக்கு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி. ரெண்டு வெட்டலாம்னு சிவப்புப் பேனாவ எடுத்தேன். அப்புறம் யோசிச்சேன். சும்மா கிடைச்சதுனு சரியா எழுதின பிள்ளைக்கு, நான் எதக் கணக்குப் பாத்து வெட்டுறது? பேனாவ மூடிட்டேன்.

— அப்ப பரீட்சையை ஏன் வைச்சனீங்கள்?

— அது என் பிழ. வருஷா வருஷம் வைக்கிறாங்களேனு நானும் வச்சேன். வாயில கிருபை, கையில சிவப்புப் பேனா. எழுதுங்க அங்கிள், நான் பிழைய ஒத்துக்கொண்டேன்னு.

— 'ஒத்துக்கொண்டார்.' மாஸ்டர், சபை என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்?

— ரெண்டே ரெண்டு. மற்றப் பேப்பர் எல்லாத்தையும் நான் திரும்பத் திருத்தித் தாறன். காசு ஒண்டும் வேண்டாம், சும்மா செய்து தாறன்.

— பாருங்க, மாஸ்டரும் சும்மா தாறாரு!

— பகிடி விடாதேங்கோ டீச்சர். அடுத்தது, வெறுந்தாளுக்குப் பூச்சியம். அந்தப் பிள்ளையின்ர பேரைப் போதகர் வாற ஞாயிறு ஆராதனையில வாசிக்கோணும். வாசிக்கேக்க பேருக்குரிய ஆள் எழும்பி நிக்கோணும். அவமானத்துக்கில்லை, படிப்பினைக்கு.

— ஆண்டவரே! இருநூறு பேருக்கு முன்னுக்கா?

— இருநூறு பேரும் படிக்கட்டும். போதகர் இப்ப வெள்ளவத்தையில. ரெண்டு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்கு முந்திக் கடிதம் அவற்ர கையில இருக்கோணும்.

— அங்கிள்! ஓட்டோவ வாசல்ல போட்டுட்டு நிக்கிறேன், மருதானையில எனக்கு வேற ஒரு ஹயர் ஈக்கிது. கடிதாசி தாரதா, இல்லாட்டி நான் போறதா?

— பத்து நிமிடம், இன்ஸாப். ஓட்டோவை நிழலில் நிறுத்துங்கள். மாஸ்டர் சொன்னபடி எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். டீச்சர், பெயர்?

— சொல்ல மாட்டேன்.

— சொல்லத் தேவையில்லை, எனக்கே தெரியும். முகத்துவாரத்துப் பிள்ளையாத்தான் இருக்கும். வீட்டில படிக்க மேசை இல்லை, தகப்பன் ஹாபர்ல மூட்டை தூக்குறார் எண்டு நீங்கள் இரங்கிப்போட்டீங்கள்.

— இரங்கியிருந்தா நாப்பது போட்டிருப்பேன், மாஸ்டர். இரக்கப்பட்டு யாரும் நூறு போடுறதில்ல.

— டீச்சர், எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சும்மா தரேல்லை. தொண்ணூற்றைஞ்சில, சண்டைக்குள்ள, வீட்டை விட்டு வெளிக்கிடேக்க எனக்குப் பதினாறு வயசு. சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூட விறாந்தையில, நாலு குடும்பத்துக்கு நடுவில, சாக்கில குந்தியிருந்து படிச்சு ஓ.எல். சோதினை எடுத்தனான். வீடு போச்சு. காணி போச்சு. அண்ணன் போனவர், வரேல்லை. நான் எடுத்த மார்க்ஸை மட்டும்தான் ஒருத்தராலயும் பறிக்க ஏலாமக் கிடந்தது. அதையும் நீங்கள் 'சும்மா' எண்டு சொன்னால் நான் எங்க போய் நிக்கிறது?

— அத நான் பறிக்கல. அது உங்களோடது. பத்திரமா வச்சிருங்க. ஆனா அதப் பரலோகத்து வாசல்ல சேர்டிஃபிக்கேட் மாதிரி நீட்டாதீங்க. அங்க யாரும் வாங்கிப் பாக்கிறதில்ல.

— அப்ப நான் இந்தச் சபைக்குச் செய்தது ஒண்டும் கணக்கில இல்லையோ? அங்கிள், உங்கட தலைக்கு மேல சுத்துற ஃபேன் ஆர் தந்தது?

— நீங்கள்தான். உங்கள் பெயர் சிறகில் எழுதியிருக்கிறது.

— மூணு சிறகிலயும் இருக்கு. ஆனா சுத்தும்போது வாசிக்க ஏலாது, மாஸ்டர். பேர் தெரியணும்னா ஃபேன நிப்பாட்டணும். அப்ப எங்களுக்கு வேர்க்கும்.

— நக்கலோ? சரி. கள்ளனும் நல்லவனும் ஒரே வரிசையில எண்டு சொல்லுங்கோவன்.

— ஒரே வரிசதான். கையில ஒண்ணும் இல்லாம.

— அப்பிடியெண்டால் நாளைக்கு ஒரு பிள்ளையும் படிக்காது.

— போன ஞாயிறு ரிசல்ட் சொன்னேன். எல்லாருக்கும் நூறுனு. இண்டைக்குக் காலையில வந்து பாக்கிறேன், முகத்துவாரத்துப் பிள்ளைங்க அரை மணித்தியாலம் முந்தி வந்து கதிர அடுக்கி, கூட்டித் துடைச்சிருக்குதுங்க. ஒருத்தரும் சொல்லல. மார்க்குக்குனு சொல்லுவீங்களா? மார்க்தான் ஏற்கனவே கையில கிடக்கே!

— கதையை மாத்தாதேங்கோ. எழும்புங்கோ டீச்சர். கட்டைத் தாங்கோ. விடைத்தாளைப் பாக்கப் பெற்றோர் பிரதிநிதிக்கு உரிமை இருக்கோ இல்லையோ, அங்கிள்?

— ஒன்பதாம் விதியின்படி இருக்கிறது.

— மாஸ்டர், கும்பிட்டுக் கேக்கிறேன். வேணும்னா என்ன நிப்பாட்டுங்க, நாளையில இருந்து நான் டீச்சர் இல்ல. இத மட்டும் பாக்க வேணாம்.

— எழும்புங்கோ எண்டுறன்.

— சரி. இந்தாங்க. எல்லாத்துக்கும் அடியில இருக்கு.

— அடியில... இது ஆற்ர... பேர்...

— மாஸ்டர்? தண்ணீர் கொண்டுவரட்டுமா?

— மிதுனா ராகுலன்.

— வேணாம்னு சொன்னேன்.

— அவளின்ர கையெழுத்துத்தான். ஆனா... அவள்தானே எனக்குச் சொன்னவள்? 'அப்பா, ஒரு பிள்ளை ஒண்டும் எழுதாமக் குடுத்திட்டுது. அந்தப் பிள்ளையை என்ன செய்யோணும்?' எண்டு கேட்டவள்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— எழுப்பி நிப்பாட்டோணும் எண்டனான். சோத்தைப் பிசைஞ்சுகொண்டிருந்தவள். ஓம் எண்டு தலையாட்டினவள்.

— ரெண்டு மணித்தியாலம் பேனாவப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, மாஸ்டர். உள்ளங்கையெல்லாம் வேர்வை. தாள் நனைஞ்சிருக்கு, தடவிப் பாருங்க. மணி அடிச்சதும் கிட்ட வந்து, 'டீச்சர், எல்லாம் தெரியும், ஆனா ஒண்டும் வருதில்லை. நீங்களே பாத்து ஏதாவது செய்யுங்கோ'னு தாள என் கையில தந்தா. ஓடி ஒளியல. கிழிச்சும் போடல. என்ன நம்பித் தந்தா. அத விட விசுவாசம் எதுனு நீங்க சொல்லுங்க.

— அவளுக்கு எல்லாம் தெரியும்! இப்ப கூப்பிட்டுக் கேளுங்கோ, கடகடவெண்டு சொல்லுவாள். போன வருஷம் தொண்ணூற்றெட்டு. அதுக்கு முந்தின வருஷம் முதலாம் பிள்ளை. அந்த ரெக்கோட்டைப் பாத்து அவளுக்கு நூறு குடுக்கலாம். மற்றாக்களுக்குத்தான்...

— ஏலாது. அவளுக்கு நூறு இருக்கு. போன வருஷத்துக்காக இல்ல, உங்களுக்காகவும் இல்ல. முகத்துவாரத்துப் பிள்ளைக்கு எப்படிக் குடுத்தேனோ அப்படியேதான். வெள்ளவத்தைக்குனு தனியா ஒரு நூறு என்கிட்ட இல்ல.

— அப்ப எங்களுக்கு வேண்டாம்.

— என்னாது?

— பிச்சை வேண்டாம் எண்டுறன். ஊரான் பிள்ளைக்கு ஒரு விதி, என்ர பிள்ளைக்கு ஒரு விதி எண்டு நான் ஒருநாளும் நிண்டதில்லை. இண்டைக்கும் நிக்கமாட்டன். அங்கிள், விட்ட இடத்தில பேரைப் போடுங்கோ.

— மாஸ்டர், கொஞ்சம் யோசித்து...

— போடுங்கோ! வாற ஞாயிறு அவள் எழும்பி நிக்கட்டும். நான் முன் வரிசை வாங்கில இருந்து பாக்கிறன்.

— பன்னண்டு வயசு, மாஸ்டர்! திங்கக்கிழம அதே பிள்ளைங்களோடதான் ஸ்கூல் வேன்ல போகணும். உங்கட நேர்மையக் காட்டுறதுக்கு அவளக் கட்டிப் பலிபீடத்துல வைக்கிறீங்க. ஆபிரகாமே கடைசியில கத்தியக் கீழ வச்சாரு.

— எனக்கு வேதம் படிப்பிக்க வேண்டாம்.

— படிப்பிக்கத்தானே என்ன வச்சிருக்கீங்க! நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— உங்கட கையெழுத்து ஆருக்கு வேணும்? என்ரயும் செயலாளற்ரயும் போதும்.

— அது உண்மை. இருவர் போதும். டீச்சர், அமைதியாக இருங்கள், எழுதும்போது பிழை விடக் கூடாது. 'மேற்படி வெறுந்தாளுக்குரிய பூச்சியத்தைத் தன்மேல் ஏற்று, வருகிற ஞாயிறு ஆராதனையில் எழுந்து நிற்க வேண்டியவர்...' எழுதிவிட்டேன். முழுவதையும் வாசிக்கட்டுமா, மாஸ்டர்?

— வேண்டாம்.

— நீங்களாவது வாசித்துப் பாருங்கள்.

— ஏலாது. கண்ணாடி புகார் படிஞ்சு மங்கலாக் கிடக்கு. எங்க வைக்கிறது கையெழுத்து?

— இங்கே. என் விரல் இருக்கிற இடத்தில். நன்றி. இதற்குக் கீழே நான்.

— அங்கிள், நீங்களுமா? முப்பத்தொரு வருஷமாக் கடிதம் ஒட்டி ஒட்டி உங்கட நெஞ்சும் ஒட்டிப்போச்சா?

— பசைப் போத்தல் உங்கள் பக்கத்தில் இருக்கிறது, டீச்சர். கொஞ்சம் தாருங்கள்.

— தர மாட்டேன்.

— பரவாயில்லை, நாக்கு இருக்கிறது. ம்... ஒட்டியாயிற்று. இன்ஸாப்! இந்தாருங்கள். போதகரின் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். வேறு யாரிடமும் வேண்டாம்.

— சரி அங்கிள். காலி றோட்ல இப்ப வாகனம் இல்ல. ரெண்டு மணிக்கு முந்திக் குடுத்திருவேன்.

— போயிட்டான். சந்தோஷமா மாஸ்டர்? உங்கட விதி ஓட்டோவுல போகுது.

— கதைக்காதேங்கோ டீச்சர். தயவுசெய்து கொஞ்ச நேரம் கதைக்காதேங்கோ.

— 'அனுப்பிய நேரம்: ஒன்று பத்து.' பதிவேட்டிலும் ஏற்றிவிட்டேன்.

— அங்கிள்... பேரை முழுசாப் போட்டீங்களோ? சபையில ரெண்டு மிதுனா இருக்கினம். பிழையான பிள்ளை எழும்பிப்போடும்.

— முழுப்பெயராகத்தான் போட்டிருக்கிறேன். குழப்பம் வராது.

— என்னெண்டு போட்டீங்கள்?

— 'ஜோசப் மெல்ரோய் பெர்னாண்டோ, செயலாளர்.'