அலறலுக்குப் பிறகு வரும் மெட்டு

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. மிக்ஸி ஓடினால்கூட வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவளுக்கு மெட்டல் இசையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

அண்ணனின் ஆல்பத்தைக் கேட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். ஒவ்வொரு பாட்டும் சாதாரணக் கிட்டாரில், தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல ஆரம்பிக்கும். கேட்பவர் சற்று அசந்ததும் டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் வீடே இடிந்து விழுவதுபோல இறங்கும். அதற்கு மேல் அண்ணன் அலறுவான். பிறகு மறுபடியும் அந்த மெல்லிய மெட்டு, இடிபாட்டுக்குள் யாரோ உயிரோடு இருப்பதுபோல. அந்த மெட்டுகளெல்லாம் நான் போட்டவை. வாசித்ததும் நான்தான்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபின் எனக்கு வீடுதான் உலகம். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அண்ணன் என்னை ஊமை என்றுதான் கூப்பிடுவான், பாசமாகத்தான். பின் அறைச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கட்டிவைத்து அங்கேயே பதிவு செய்தோம். பதிவுப் பட்டனை அமுக்குவது, ஒயர் சுருட்டுவது, டீ போடுவது என் பொறுப்பு.

அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஆரம்பத்திலிருந்தே கடிக்கும். கிட்டார் கம்பியில் கை இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். "மைக்குக்கு என் மேல ஒரு கண்ணு" என்று அண்ணன் சிரிப்பான். அம்மா திட்டித் தீர்த்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். அவர் பிளக்கைத் திறந்து, கழன்று கிடந்த எர்த் ஒயரை முடுக்கினார்.

"தம்பி, இது மறுபடி கழண்டுச்சுன்னா உங்க பாட்டு அதோட சரி. அப்புறம் மத்தவங்கதான் உங்களுக்காகப் பாடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாட்டில்தான் சிக்கல் வந்தது. எத்தனை தடவை எடுத்தும் அலறல் அமையவில்லை. டிரம்ஸ் வாசிக்கிற அண்ணனின் நண்பனை இடி என்போம். அவன் சொன்னான்: "மச்சான், இது உயிர் போற அலறல் இல்லடா. சுண்டு விரல் கதவுல இடிச்ச மாதிரி இருக்கு."

"நாளைக்கு நானே தனியா எடுத்துக்கறேன், போடா" என்றான் அண்ணன். பிறகு என்னைப் பார்க்காமலே, "முடிவுல அந்தச் சின்ன மெட்டு வேணாம். தாலாட்டு மாதிரி முடிஞ்சா சிரிப்பாங்க. அலறலோட நிறுத்திடலாம்" என்றான்.

"அண்ணா, அது இல்லாம பாட்டு முடியாதே."

"அட, ஊமை பேசிடுச்சு டோய்."

இடி விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குக் கோபம் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அலறல் உண்மையாக இருந்தால் அதன் பிறகு அமைதி வேண்டும் என்று அண்ணனுக்கே புரிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம், அம்மா வேலைக்குப் போனபின், பிளக்கைத் திறந்து அந்த ஒயரை எடுத்துவிட்டேன். சின்னதாக ஒரு கடி, அவ்வளவுதான் என் எண்ணம்.

கிட்டார் தோளில் தொங்கினால்தான் அவனுக்கு அலற வரும். மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றான். "ஓட விடு, ஊமை" என்றான். பட்டனை அமுக்கினேன்.

நல்ல அலறல். நீங்களே கேட்டீர்கள்.

பதிவெல்லாம் முடிந்த பிறகுதான் விபத்து நடந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள். அவன் நினைவாக எதையும் வெட்டாமல் வெளியிட்டார்கள். பாராட்டுகிறவர்கள்கூட ஒரு குறை சொல்கிறார்கள், அலறலுக்கும் மெட்டுக்கும் நடுவே மௌனம் நீளம் என்று. நான் ஆம்ப்ளிஃபயரை அணைக்க வேண்டியிருந்தது. அவனைத் தாண்டிப் போய் என் கிட்டாரை எடுக்க வேண்டியிருந்தது.

கூர்ந்து கேட்டால் மெட்டுக்கு அடியில் ஒரு மூச்சுச் சத்தம் வரும். அண்ணன் பக்கத்தில் நின்று ரசித்த மூச்சு என்று இடி அழுகிறான். மூச்சு அண்ணனுடையதுதான். அவன் நிற்கவில்லை, தரையில் கிடந்தான், அவ்வளவே. மெட்டு பாதி போனபின் அது கேட்காது.

கடைசிவரை பிசகில்லாமல் வாசித்து முடித்துத்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். உடனே கத்திக் கூப்பிட்டிருப்பேன், ஐயா. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் அதில் விழுந்திருக்கும்.