கிடாய்க்குத் தெரிந்தது

விதானையார், இந்த வருடம் எங்கள் ஆடுகள் நன்றாகக் குட்டி போட்டிருக்கின்றன. நெடுந்தீவில் எங்கள் கிடாயைப் போல வேறில்லை. மறியாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் சினைப்படுத்த எங்கள் வளவுக்குத்தான் கொண்டுவருவார்கள். நீங்கள் விசாரிக்க வந்தது என் கணவரின் கண்ணைப் பற்றி. கிடாயிலிருந்து தொடங்கினால்தான் அது உங்களுக்கு விளங்கும்.

ஒரு மறியோடு சேர்ந்து களைத்த கிடாய் வேலியோரம் படுத்துவிடும். அதே மறியை மறுபடி கொண்டுபோய் நிறுத்தினால் தலையைக்கூடத் தூக்காது. வேறொரு மறி படலைக்குள் நுழைந்தால் களைப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியாது. ஒருநாள் விளையாட்டாகப் பழைய மறிக்குச் சாக்கைப் போர்த்தி, சாம்பல் பூசிக் கொண்டுபோனேன். கிடாய் ஒருதரம் மோந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. என் கணவர் இராசநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதுக்கும் தெரியும், கமலம். பழசு பழசுதான்."

அப்போது அவர் என்னைத் தொட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் சங்கக்கடை மனேச்சர், அவருக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் எல்லோரும்தான் வந்து நின்றார்கள். கரம்பொன்னிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் புது ரீச்சர் வந்த கிழமை மீசைக்கு மை பூசத் தொடங்கினார். அவள் மாற்றலாகிப் போனதும் தபாற்கந்தோருக்கு வந்த பெட்டை. அழுது பார்த்தேன், சண்டை பிடித்துப் பார்த்தேன். எனக்கு அவர் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். ஆறுதலாக யோசித்தபோது குற்றம் அவரில் இல்லை என்று விளங்கியது. கிடாய்க்கு மூக்கு, மனிதனுக்குக் கண்.

எண்பத்தேழில் தீவெல்லாம் கண்நோய் பரவியது. கடலில் பிரச்சினை, வள்ளம் ஓடவில்லை, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. கண்நோய்க்குத் தாய்ப்பால் விடுவது எங்கள் வழக்கம். பக்கத்து வளவுச் செல்லாச்சி கைக்குழந்தைக்காரி, நல்ல மனம், கேட்டவுடன் சிரட்டையில் பீய்ச்சித் தந்தாள். அதை வாழையடியில் ஊற்றிவிட்டு, வேலியில் நின்ற எருக்கலையை ஒடித்து அதன் பாலைப் பிடித்தேன். அதுவும் வெள்ளைதான்.

"கமலம், எரியுது."

"நோய் போகேக்கை எரியும். அசையாதேங்கோ."

தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கண்ணுக்கும் விட்டேன். இரண்டும் வெளிறும்வரை காலையில் தவறாமல் விட்டேன். செல்லாச்சியின் பாலில்தான் நஞ்சு என்று ஊரில் கதைத்தார்கள். அவள் என்னிடம் வந்து விம்மி விம்மி அழுதாள். நான்தான் தேற்றி அனுப்பினேன்.

இப்போது வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் வேறு சவர்க்காரம் போட்டுக் குளித்து, கைநிறையக் காப்புப் போட்டு, குரலை மாற்றி, நயினாதீவிலிருந்து வந்த நாகபூஷணியாகப் போவேன். இன்னொருநாள் பேச்சைக் குறைத்து, சறோஜினிதேவியாகப் போவேன். அவர் முகத்தைத் திருப்புவதே இல்லை. சொன்ன இடத்தில் இருக்கிறார், கூப்பிட்டால் எழும்பி வருகிறார். கலியாணம் செய்த புதிதில்கூட என்னிடம் இவ்வளவு பணிவாக இருந்ததில்லை. கிடாயை ஏமாற்ற ஏலாது, மனிதனை ஏலும்.

உங்களிடம் அவர் என்ன முறைப்பாடு சொன்னாரோ தெரியாது. நேற்றும் நான் கட்டிலில் போய் இருந்ததும் அவராகவே கேட்டார்.

"இண்டைக்கு ஆராக வந்திருக்கிறீர், கமலம்?"

கேட்கும்போதே அவருடைய கைகள் கிடுகிடுவென்று நடுங்கின. புதுப் பெண் என்றால் அவருக்கு இன்னும் அவ்வளவு ஆசை.